எட்டு முகத் துணி

"நல்ல துடைப்புத் துணின்னா என்ன தெரியுமா மேடம்?"

"அழுக்கைத் துடைக்கிறது."

"அதை எந்தக் கிழிசலும் செய்யும். துடைச்சு முடிச்ச பிறகு, தான் வந்துபோனதுக்கு ஒரு தடயமும் விடக்கூடாது. ஒரு நூல், ஒரு பிசிறு, ஒரு பொட்டு எண்ணெய், எதுவும்."

"அப்போ அது திருடன் மாதிரி."

"ஆமா மேடம். என் துணி கெட்டிக்காரத் திருடன். ஆனா செய்யாத திருட்டுக்கு இப்போ அதைப் பிடிச்சு வெச்சிருக்காங்க."

காலையில் நடந்த இந்தப் பேச்சு, ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணிக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. பேசி முடித்ததும் அந்தத் துணிக்காரன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, அவள் மேசையின் உடைந்த விளிம்பில் பலம்கொண்ட மட்டும் தேய்த்துக் காட்டினான். "ஒரு இழை வந்திருக்கா, பாருங்க" என்று கேட்கும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. வரவில்லைதான். விளிம்புதான் கொஞ்சம் பளபளப்பாகி இருந்தது.

லிஃப்ட் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை ஒன்று, அடிப்பதற்கு முன் கதவைத் துடைக்க அவன் துணியைப் பரீட்சைக்கு எடுத்திருந்தது. அன்றிலிருந்து கதவுகள் கெடுகின்றன. இன்றைக்கு முதலாளி முடிவு சொல்கிறார். வேண்டாம் என்றுவிட்டால் துணிக்காரனின் கம்பெனி அந்தப் பின்னல் மெஷினை நிறுத்திவிடும். மெஷினோடு அவனையும்.

"அந்தப் பட்டறையில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று அண்ணி கேட்டிருந்தாள்.

"இல்லை" என்றான். சொல்வதற்கு முன் தண்ணீர் குடித்தான்.

தீ விபத்தில் எரிந்ததா, எரித்ததா என்று பார்த்துச் சொல்லும் இன்சூரன்ஸ் வேலையில் பாதி வயதைக் கழித்துவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவள் அண்ணி. கணவனின் தம்பிதான் உதவியாளன். அவன் வாய் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் வாடிக்கையாளர்கள், வக்கீல்கள், இன்ஸ்பெக்டர் உட்பட எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

"என்ன அண்ணி, சத்தத்தையே காணோம்?" என்றான் கொழுந்தன், தலையைத் திருப்பி.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"கொலை கேஸ் வரும், கொள்ளை கேஸ் வரும்னு அம்மாகிட்ட பெருமை அடிச்சுட்டு உங்ககிட்ட சேர்ந்தேன். கடைசியில கந்தல் துணிக்கு வக்காலத்து வாங்கப் போறோம்."

"கந்தல் இல்லடா. பாலியஸ்டர் நூலைப் பின்னி, ஓரத்தைக் கத்தரியால வெட்டாம சூட்டுக் கத்தியால உருக்கி அடைச்சிருக்கான். வெட்டுப்பட்ட நுனியே கிடையாது, அதனால பிசிறு வர வழியில்லை. நடுவுல தடிமனா ஒரு அடுக்கு. தின்னரை அது குடிச்சு வெச்சுக்கும், கைக்கு ஒழுகாது. அப்புறம் நல்ல தண்ணியில பல தடவை அலசல்."

"ஒரு துணிக்கு இவ்வளவு மெனக்கெடலா? என் கல்யாணத்துக்குக்கூட நம்ம வீட்டுல இவ்வளவு மெனக்கெடல."

"உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

பட்டறைக்குள் நுழைந்ததும் தின்னர் நெடி கண்ணைக் கரித்தது. கெட்டுப்போன கதவுகள், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளைகள் மாதிரி சுவரோரம் சாய்ந்து நின்றன. சூப்பர்வைசர் அலுப்போடு வந்தார்.

"பனியன் வேஸ்ட்டை வெச்சுத் துடைச்ச காலத்துல அங்கங்க ஒரு நூல் ஒட்டும். தேய்ச்சு எடுத்துடுவோம். இந்தப் புதுத் துணி வந்ததுலேர்ந்து கதவெல்லாம் அம்மை போட்ட முகமா ஆயிடுச்சு. முதலாளி சாப்பிட்டுட்டு வருவார், துணியை மூட்டை கட்டச் சொல்லுவார். நீங்க எதுக்கும்மா வீணா அலையறீங்க?"

அண்ணி அவரிடம் டார்ச்சை வாங்கி ஒரு கதவின் மேல் சாய்வாக அடித்தாள். சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் அடித்தகடு தெரிந்தது. விரலால் தடவினாள்.

"பிசிறு விழுந்தா மேடு தட்டணும். இது பள்ளம்."

"பள்ளம்னா நம்ம தெரு ரோடு போட்ட கான்ட்ராக்டரைத்தான் விசாரிக்கணும்" என்றான் கொழுந்தன்.

மூலையில் துப்பாக்கி முனையைக் கழுவிக்கொண்டிருந்த பெயின்டர் சிரித்துவிட்டார். "பயந்துடாதீங்கம்மா, இது பெயின்ட் துப்பாக்கி" என்றபடி அருகே வந்தார். "நீங்க சொல்றது சரி. பிசிறு இல்லை, எண்ணெய்ப்பசை. அது இருக்கற இடத்துல பெயின்ட் நிக்காது, விலகி ஓடும். பின்னற மெஷினுக்கு எண்ணெய் விடுவாங்கல்ல, அது துணியில ஒட்டியிருக்கு. வேற என்ன?"

துணிக்காரன் கெஞ்சாத குறையாகக் காப்பாற்றச் சொன்னதே பிசிறிலிருந்துதான். இது அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு.

"எல்லாக் கதவும் கெடுதா?"

"இல்லம்மா. காலையில ஆரம்பிச்சதும் வர்றது கெடும். டீக்கு அப்புறம் வர்றது, சாப்பாட்டுக்கு அப்புறம் வர்றது கெடும். போகப் போக நல்லா வரும்."

"மெஷின் எண்ணெய் டீ குடிக்கப் போயிட்டு வருமா?"

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார்.

அண்ணி சாக்பீஸ் கேட்டு வாங்கி, கதவிலிருந்த பள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கோடு இழுத்தாள். சிதறிக் கிடப்பதாகத் தெரிந்தவை வரிசைக்கு வந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக வளைந்த கோடுகள்.

"டேய், இங்க வா. துணி பிடிச்ச மாதிரி கையை வெச்சு இந்தக் கதவைத் துடை."

"வீட்டுல அம்மா சொன்னாக்கூட நான்..."

"துடை."

கொழுந்தன் வலது கையை வீசினான். கை போன வளைவு கோட்டுக்கு எதிர்ப்புறமாகப் போனது.

"கையை மாத்து."

இடது கை கோட்டின் மேலேயே அச்சாகப் போய் முடிந்தது. கொழுந்தன் விசில் அடிக்கப் போய், அண்ணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"இங்க இடது கையால துடைக்கிறவங்க யாரு?"

பெயின்டர் மறுபடியும் துப்பாக்கியைக் கழுவப் போய்விட்டார். ஏற்கெனவே பளிச்சென்றிருந்த முனையை அவ்வளவு அக்கறையாகக் கழுவ வேண்டியதே இல்லை. சூப்பர்வைசர்தான் சொன்னார்: "ஜன்னல் மேசையில இருக்கற பெரியம்மா. ஆனா அவங்க மாதிரி துடைக்க இங்க ஆளே கிடையாது."

அது உண்மைதான் என்பது ஜன்னலோரம் போனதும் தெரிந்தது. மூன்று மேசைகள், மூன்று பெண்கள், துணி எல்லோருக்கும் ஒரே மூட்டையிலிருந்து. ஐம்பதைத் தாண்டிய பெரியம்மா துணியை நாலாக மடித்துத் தின்னர் விட்டு, மேலிருந்து வரிசை வரிசையாக ஒரே திசையில் இழுத்தாள். போன தடத்தில் திரும்பி வரவில்லை. ஒரு இழுப்பு முடிந்ததும் துணியைப் புரட்டினாள். அந்தப் பக்கமும் தீர்ந்ததும் பிரித்து உள்பக்கத்தை வெளியே மடித்தாள். எட்டு முகமும் அழுக்கான பிறகுதான் தொட்டியில் போட்டாள். கையில் கிளவுஸ் இல்லை. மூன்று பேர் கையிலுமே இல்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. அண்ணி கண்ணைக் காட்ட, கொழுந்தன் கை கழுவும் குழாய்ப் பக்கம் நழுவினான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல்.

"முடிஞ்சுது கேஸ்! கை கழுவினாங்க, துடைச்சாங்க, சுத்திமுத்திப் பாத்தாங்க. இடுப்புலேர்ந்து ஒரு சின்ன டப்பா. கைக்குப் பூசற கிரீம். உள்ளங்கை வரைக்கும் பூசறாங்க அண்ணி."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "கை பட்ட பக்கத்தைப் புரட்டினா, அடுத்த இழுப்பு அந்தப் பக்கத்துலதான். கிரீமைத் தின்னர் கரைச்சு மெல்லிசாப் பரத்தி விட்டுடுது. பனியன் வேஸ்ட்டை யாரும் புரட்டறதில்லை. ஒரு இழுப்பு, தொட்டியில போட்டுடுவாங்க. கை பட்ட பக்கம் கதவைத் தொடவே தொடாது."

"அப்போ துணி நல்லா உழைக்கறதுதான் தப்பாப் போச்சா?"

"ஆமாடா."

"உங்க முகத்துல ஏன் சந்தோஷமே இல்லை?"

"நீ போய் மூணு டீ வாங்கிட்டு வா."

பெரியம்மா சாப்பிட்டு முடித்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணி உட்கார்ந்ததும் நகர்ந்து இடம் விட்டாள். கொழுந்தன் கண்ணாடி டம்ளர்களை "ஆத்தாடி, சுடுது, சுடுது" என்று கத்திக்கொண்டே கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு விரல்களை ஊதிக்கொண்டான். பெரியம்மா தன் டம்ளரை எடுத்து இரண்டு கைகளிலும் பொத்திக்கொண்டாள். அந்தக் கைகள், வெயிலில் மறந்துபோன சோப்புக் கட்டி மாதிரி, கோடு கோடாகப் பிளந்திருந்தன.

"கை ரொம்ப வெடிச்சிருக்கே பெரியம்மா."

"தின்னர்ல புழங்கற கை வேற எப்படிம்மா இருக்கும்?"

"கிளவுஸ் தரலையா?"

"அதோ ஆணியில தொங்குதே. தின்னர் பட்டா ஊதிப் போய் தவளைத் தோல் மாதிரி ஆயிடும். அது வேற கதவுல ஒட்டும். அதுக்கு வெறுங்கையே மேல்."

"நல்லதா வாங்கித் தரச் சொல்லலாமே?"

"முடியலைன்னா வீட்டுல இருங்கம்பாங்க. எதுக்கு வம்பு?"

"இடுப்புல இருக்கற டப்பா யார் வாங்கிக் கொடுத்தது?"

பெரியம்மாவின் கை இடுப்புக்குப் போனது. மறைக்கலாமா என்று ஒரு கணம். அப்புறம் மறைக்க முடியாத ஒரு பெருமை முகத்தில் வந்தது.

"என் மாப்பிள்ளை."

"அவர் என்ன பண்றார்?"

"இந்தத் துணியே அவர் பண்ணினதுதான்."

கொழுந்தன் டீயை விழுங்க மறந்து நின்றான். அண்ணி மட்டும் காலையில் துணிக்காரன் குடித்த தண்ணீரை நினைத்துக்கொண்டாள்.

"வெளியில சொல்லிடாதீங்கம்மா. மாமியார் வேலை பாக்கற இடத்துல மாப்பிள்ளை சரக்கு விக்கறார்னு பேச்சு வரக்கூடாதுன்னு நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். எப்படி மடிக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தார். என் கையைப் பாத்தார். ஒரு வார்த்தை பேசல. மறுநாளே பொண்ணுகிட்ட இதைக் கொடுத்தனுப்பினார்."

"எப்போ பூசணும்னு சொன்னார்?"

"நாங்க ரெண்டு பேரும் அவ்வளவாப் பேசிக்க மாட்டோம்மா. மரியாதையான பிள்ளை, நானும் முன்னால நின்னு பேச மாட்டேன். எதுவா இருந்தாலும் பொண்ணு வழியாத்தான். 'பூசிக்கச் சொன்னார்'னு அவ சொன்னா. மாப்பிள்ளை ஆசையாக் கொடுத்ததை வீட்டுல பூட்டி வெச்சா நல்லாவா இருக்கும்? கை கழுவறப்பல்லாம் பூசறேன்."

இதை எப்படிச் சொல்வது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. சொல்லிப் பழகியவள்தான். எரிந்தது இல்லை, எரித்தது என்று எத்தனையோ பேர் முகத்துக்கு நேராகச் சொன்னவள். மெதுவாக, துணியைப் புரட்டுவதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள்.

பெரியம்மா டம்ளரைப் பொத்தியபடியே கேட்டு முடித்தாள்.

"நல்லாத் துடைச்சுட்டுத்தானே துணியைத் தொட்டேன்..." என்றாள். "வழவழப்பு இருந்தது எனக்குத் தெரியலையேம்மா."

அண்ணியின் பார்வை அந்த டம்ளரில் நின்றது. ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கொழுந்தனால் ஒரு நொடி பிடிக்க முடியாத சூட்டை, இவள் இத்தனை நேரமும் கைக்குள் வைத்திருந்தாள்.

"பெரியம்மா, விரல்ல..."

"நேரமாச்சும்மா." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "முதலாளிகிட்ட சொல்லிடுங்க. துணி மேல பழி நிக்கக்கூடாது. டப்பா யார் கொடுத்ததுன்னு மட்டும் வேண்டாம்." கிரீம் டப்பாவை எடுத்து அண்ணியின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"அண்ணி," என்றான் கொழுந்தன் தாழ்ந்த குரலில், "இந்தக் கேஸ்ல நாம ஜெயிச்சா?"

"இந்தம்மா வேலை போகும்."

"தோத்தா?"

"மாப்பிள்ளை வேலை போகும்."

"உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. இந்தக் குடும்பம் மத்தளம்." சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை.

முதலாளி வந்தார். கூடவே துணிக்காரனும் வந்திருந்தான். சட்டையில் வியர்வை, கையில் அதே பை. முதலாளி கோபக்காரர் இல்லை. நிதானமானவர். நிதானமானவர்கள் எடுக்கும் முடிவை மாற்றுவது கஷ்டம்.

அண்ணி பெயின்டரிடம் இரண்டு பழைய தகடுகளைக் கொடுத்தாள். ஒன்றை வெறுங்கையால் புதுத் துணி பிடித்துத் துடைக்கச் சொன்னாள். இன்னொன்றுக்கு, உள்ளங்கையில் கொஞ்சம் கிரீம் தொட்டு, கையைத் துடைத்துவிட்டு, துணியைப் புரட்டிப் புரட்டித் துடைக்கச் சொன்னாள். பெயின்டர் இரண்டின் மேலும் மனசில்லாமல் அடித்தார். முதல் தகடு கண்ணாடியாக நின்றது. இரண்டாவதில் வட்டங்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன.

"துணி மேல தப்பில்லை" என்றாள் அண்ணி. வேறெதுவும் சொல்லாமல் டப்பாவை மேசையில் வைத்தாள்.

"யாரோடது?" என்று முதலாளி கேட்டார்.

"என்னோடதுங்க" என்று முன்னால் வந்தாள் பெரியம்மா.

முதலாளி இரண்டு தகடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மென்மையாகவே சொன்னார்: "அப்போ துணி இருக்கட்டும். பெரியம்மா, நீங்களும் எவ்வளவு நாள்தான் நின்னுக்கிட்டே வேலை செய்வீங்க? வீட்டுல ஓய்வா இருங்க. துணிக்காரரே, சந்தோஷமா? உங்க ஆர்டர் உறுதி."

கையை நீட்டினார். அந்தக் கையைத்தான் துணிக்காரன் இத்தனை நாள் கனவு கண்டிருப்பான். ஆனால் அவன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், அது நான் வாங்கிக் கொடுத்தது."

"என்னது?"

"அவங்க என் அத்தை. என் மனைவியோட அம்மா. அவங்க கையைப் பாத்துட்டுத்தான் தின்னர் ஒழுகாத துணியா பண்ணணும்னு நடு அடுக்கையே தடிமனாக்கினேன். மடிக்கவும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கிரீமும் நான்தான். ராத்திரியில மட்டும் பூசணும்னு சொல்லலை. அவங்க தப்பு இதுல எதுவும் இல்லை சார்."

"மாப்பிள்ளை, சும்மா இருங்க" என்றாள் பெரியம்மா, தரையைப் பார்த்தபடி.

முதலாளியின் கை மெல்லக் கீழே இறங்கியது. "மாமியாரும் மருமகனுமா? இதை ஏன் யாருமே எங்கிட்ட சொல்லலை?" என்றார். "இனிமே நான் எதை நம்பறது? ஆர்டரை யோசிச்சுத்தான் சொல்லணும்."

ஒரே நிமிஷத்தில் இரண்டு பேர் வேலையும் போயிற்று. அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். எந்த இடத்திலும் ஏதாவது ஒன்று சொல்லி நிலைமையை இளக்கிவிடுகிறவன், சுவரில் தொங்கிய ஊதிப்போன கிளவுஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். துணிக்காரன் துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தான். உண்மை மேசையின் மேல் வெளிச்சமாகக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு யாருக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முதலாளி பெரியம்மா பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். கையில கிரீம் இருக்கறது தெரிஞ்சுதானே துணியைத் தொட்டீங்க?"

"தெரியாதுங்க."

"பெரியம்மா, கிரீம் பூசின கை வழவழன்னு இருக்காதா? அது எப்படித் தெரியாமப் போகும்?"

"சார், நான் சொல்றேன்" என்று அண்ணி ஆரம்பித்தாள். பெரியம்மா அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

முந்தானையில் இரண்டு கைகளையும் துடைத்தாள். தலையை நிமிர்த்தி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மருமகனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும். என் பொண்ணு வழியாச் சொல்லி அனுப்பலாம்னு பாத்தேன், அவ பயந்துடுவா. நீங்க என்ன நினைப்பீங்களோன்னு நானும் விட்டுட்டேன்."

"சொல்லுங்க அத்தை."

"குழந்தைக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு ஓடி வந்தேன்ல? நெத்தியில கை வெச்சுப் பாத்தேன். சுடுதா, சுடலையான்னு எனக்குத் தெரியல. விரலை மாத்தி மாத்தி வெச்சேன், ஒண்ணுமே தெரியல. சுடலைன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்."

அவன் பையைக் கீழே போட்டான்.

"என்னை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா மாப்பிள்ளை?"